கெட்டிமேளம் கொட்டியபோது கேமராக்கா

எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்று அந்த அக்கா செய்த முதல் காரியம், எங்கள் வீட்டுக்குள் வந்து தலைகளை எண்ணியதுதான். ஒரு குடம் தண்ணீர் கேட்டு வந்தவள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லாரும் இருக்கீகளா?" என்றாள்.

அம்மா, அண்ணன், நான். எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல், "எல்லாரும்னா இம்புட்டுத்தான் தாயி" என்றாள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அந்த அக்கா குழாயடிக்குப் போனாள். அவள் போன பிறகு அண்ணன், "ரேசன் கார்டுல பேரு சேக்க வந்திருக்குமோ?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கிராப்புத் தலை, ஆம்பளைச் செருப்பு, கழுத்தில் எந்நேரமும் கேமரா. திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கடைசிப் பெண். படித்து முடித்து டெல்லிக்கு வேலைக்குப் போனவள், அங்கிருந்து அப்படியே சண்டை நடக்கிற நாடுகளுக்குப் போய்விட்டாள். இருபது வருஷம் போர்க்களங்களில் படம் எடுத்துவிட்டு, போதும் என்று ஊருக்குத் திரும்பியிருந்தாள். அண்ணன்மார் வீட்டில் தங்க அவளுக்கும் மனமில்லை, அவர்களுக்கும் பெரிதாக வருத்தமில்லை. ஆனால் பெருநாளைக்கு டிபன் கேரியரில் பிரியாணி மட்டும் தவறாமல் வரும். அதில் பாதி எங்கள் வீட்டுக்கு. அந்த வகையில் அவள் அண்ணன்மார்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தெருவே அவளைக் கேமராக்கா என்றது. அம்மாவை அவள் அக்கா என்பாள், அவளை நான் அக்கா என்பேன். முறை உதைக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை.

அவள் எங்கள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டது ஒரு சட்டையால். ஒரு நாள் கிழிந்துபோன காக்கிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, இதேபோலப் புதிதாக ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கையில்லாத சட்டை. ஆனால் உடம்பு முழுக்கப் பை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, கண்டக்டர் சட்டை கணக்கா?" என்றாள்.

"லென்சு, பேட்டரி, நோட்டு, மாத்திரை, எல்லாத்துக்கும் ஒவ்வொரு பை வேணும்க்கா."

"இந்த உள்பை?"

"ரொட்டிக்கு."

அம்மா அதுவரை ரவிக்கையும் பாவாடையும் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. அந்தச் சட்டைக்குப் பதினோரு பை வைத்தாள். முதுகுப் பக்கம் துணி போதாமல் போக, வேறு நிறத்தில் ஒரு துண்டு ஒட்டு கொடுத்து, அது தெரியாமல் இருக்க அதன்மேல் குறுக்கே இரட்டைத் தையல் போட்டாள். தெரியாமலா இருக்கும்? தெருக்கோடியில் இருந்து பார்த்தாலும் தெரிந்தது. கேமராக்கா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "இதுக்கு முன்னால எவனும் எனக்கு இம்புட்டுச் சரியா தச்சதில்லக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

போன நாடுகளின் பெயரைச் சொல்ல மாட்டாள். "மாதுளை நல்லா விளையிற ஊரு" என்பாள். "கழுதைப் பால் குடிக்கிற மலை" என்பாள். "அங்க தொட்டுக்க வெஞ்சனமே கெடையாது, ரொட்டியத் தேத்தண்ணியில முக்கித் திம்பாக" என்பாள். நானும் அண்ணனும் குண்டு, துப்பாக்கி, டாங்கி என்று எதையாவது எதிர்பார்த்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்போம். அவள் ரொட்டி சுடுகிற அடுப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

தீபாவளிக்கு அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்து அம்மா முந்தின நாளே போய், வேண்டுமானால் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள் என்றாள். அவளோ தெருப்பிள்ளைகளோடு நின்று பத்தாயிரம் வாலா வெடித்தாள். ஆனால் கரண்ட் போனால் மட்டும் வாசலுக்கு வந்துவிடுவாள். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் போகும். மிக்சி, டி.வி., எதிர்வீட்டு மாவு மிஷின் எல்லாம் ஒரே நொடியில் அடங்கும்போது அவள் தெரு நடுவில் வந்து நின்று ஒவ்வொரு வீடாகப் பார்ப்பாள்.

"வெடிச் சத்தத்துக்குப் பயமில்ல புள்ள. சத்தம் நிக்கும் பாரு, அதுக்கப்புறந்தான் எண்ணனும். யாரு இருக்கா, யாரு இல்லேன்னு." இதை அவள் சொன்ன பிறகுதான் முதல் நாள் எங்கள் தலைகளை ஏன் எண்ணினாள் என்று எனக்குப் புரிந்தது.

இப்படிப்பட்டவளை எங்கள் தெரு சும்மா விடுமா? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். காசு வாங்க மாட்டாள் என்பது ஒரு காரணம். அவளும் போவாள். போய்ச் சிக்கலில் மாட்டுவாள். ஏனென்றால் அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தக் காரியத்தையும் கேமராவுக்காக யாரையும் இன்னொரு தடவை செய்யச் சொல்ல மாட்டாள். இப்படித் திரும்புங்க, அப்படிச் சிரிங்க, செத்த நேரம் அப்படியே நில்லுங்க என்ற பேச்சே கிடையாது. மாலை போடும்போது யாராவது கை குறுக்கே வந்தால், படத்திலும் அந்தக் கைதான் இருக்கும்.

மாவு மிஷின்காரர் பேத்திக்குத் தாடிக்கொம்புக் கோயிலில் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியை இறக்கும் நேரம் பார்த்துத் தாய்மாமன் குனிந்துவிட்டான். படத்தில் அவன் பிடரிதான் விழுந்தது. "எம்மா, ஆசாரியை ஊசியைச் சும்மா காதுகிட்டப் பிடிக்கச் சொல்றேன், ஒரு தரம் எடுத்துரு" என்றார் மாவு மிஷின்காரர்.

"போச்சுன்னா போச்சுண்ணே."

அவர் விடவில்லை. யோசித்துவிட்டு, "சரி, போச்சுன்னா போகட்டும். அங்கிட்டு இன்னொரு காது இருக்குல்ல?" என்றார். கேமராக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது காதை அருமையாக எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஒன்று இருந்தது. அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா எனக்குக் கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வத்தலக்குண்டில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. நான் வேடசந்தூரில் ஒரு மில் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மில் பஸ்ஸில் தூங்கி வழிந்து கழுத்துச் சுளுக்கு. அம்மா தைப்பதும் என் கழுத்தில் தைலம் தேய்ப்பதுமாக இருந்தாள். நான்தான் கேட்டேன். "ஏன்க்கா, இன்னொருக்கா செய்யச் சொன்னா என்ன? உலகத்துல எல்லா போட்டோக்காரனும் அதைத்தானே சொல்றான்?"

அவள் பித்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"மாதுளை விளையிற ஊரு. ராத்திரி குண்டு போட்டு ஒரு தெருவே தரைமட்டமாக் கெடந்துச்சு. ஒரு வீட்டுல வாசக்கதவு மட்டும் நெலையோட நிக்கிது. சுவரு இல்ல, கூரை இல்ல. அந்த வீட்டுக்காரன் வந்தான். நாலு பக்கமும் தொறந்து கெடக்கு, எங்கிட்டு வேணும்னாலும் நுழையலாம். அவன் கதவைத் தொறந்து, உள்ள போயி, திரும்பிக் கதவைச் சாத்துனான்."

அம்மா மிஷினை நிறுத்திவிட்டாள்.

"எனக்குப் பிலிம் தீந்து போச்சு. மாத்திக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள நடந்து முடிஞ்சிருச்சு. நான் கூட வந்த ஆள்கிட்டச் சொன்னேன், இன்னொருக்கா செய்யச் சொல்லுன்னு. அவன் சொன்னான். அந்த மனுசன் சட்டையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வெளிய வந்தான். மறுபடியும் கதவைத் தொறந்தான், போனான், சாத்துனான். அப்புறம் சுவரு இருந்த எடத்து வழியா எட்டிப் பாத்து என்னைய ஒரு வார்த்தை கேட்டான். என்ன கேட்டான்னு கூட வந்தவன் எனக்குச் சொன்னான். 'சரியா இருக்கா?'ன்னு கேட்டானாம்."

பித்தான் டப்பாவை மூடினாள். "அந்தப் படம் ஊரெல்லாம் போச்சு. பரிசு குடுத்தாக. மொதத் தடவ அவன் அவன் வீட்டுக்குள்ள போனான் புள்ள. ரெண்டாந் தடவ எனக்காகப் போனான். என்கிட்ட இருக்குறது ரெண்டாவதுதான்."

அம்மா சம்பந்தமே இல்லாமல், "கல்யாணத்துக்கு நீதான் தாயி படம் எடுக்கணும்" என்றாள்.

"எடுக்குறேன்க்கா."

"தாலி கட்டுறதை நல்லா எடு. நான் அந்நேரம் அங்கன நிக்க மாட்டேன். உன் படத்துலதான் பாத்துக்கிறணும்."

"ஏன்க்கா நிக்க மாட்டீக?"

"அது அப்புடித்தான்" என்று அம்மா மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். புருஷன் இல்லாதவள் தாலி கட்டும் நேரத்தில் மணவறைப் பக்கம் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் சாதிசனத்தில் ஊறிப்போன வழக்கம். யாரும் அம்மாவை விலகி நில் என்று சொல்லவில்லை. கூட நில் என்றும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மில் ஆபீசில் மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். பெற்றவளுக்காக ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

கேமராக்கா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடுத்துத் தாரேன்க்கா. வாக்கு" என்றாள்.

கல்யாணம் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு மண்டபத்தில். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்தார்கள். அம்மா விடியற்காலையில் என் தலையில் பூ வைத்துவிட்டுச் சமையல்காரர்களை மேய்க்கப் போனவள்தான், அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. கேமராக்கா பதினோரு பைச் சட்டையோடு மணவறைக்கு எதிரே நின்றிருந்தாள். எங்கள் சனம் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, ஏதோ டி.வி.காரி என்று நினைத்துக் கூந்தலைச் சரிசெய்துகொண்டார்கள். தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் தொட்டு வாங்கக் கொண்டுபோனபோது அவள் அங்கேதான் இருந்தாள். நான் பார்த்தேன். பிறகு நான் தலையைக் குனிந்துகொண்டேன். கெட்டிமேளம் கொட்டியது, அரிசி மழை பொழிந்தது, கழுத்தில் மூன்று முடிச்சு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவள் நின்ற இடத்தில் என் பெரியப்பா மகன் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிஷம் கழித்து வந்தாள். நேராக அண்ணனிடம் போய், "தம்பி, தாலி கட்டுனது என்கிட்ட இல்ல. நான் அப்ப வேற பக்கம் இருந்தேன்" என்றாள்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "வேற பக்கம்னா? எந்தப் பக்கம்? தாலி என்ன ரெண்டு பக்கமா கட்டுறாக?" என்று கத்தினான்.

அவள் லென்சுக்கு மூடி போட்டாள்.

அண்ணன் குரலைத் தணித்துக் கெஞ்சினான். "அக்கா, ஐயர் இன்னும் போகல. மாப்பிள்ள சும்மா கழுத்துகிட்டக் கையை வச்சாப் போதும். ஒரே நிமிசம்."

"அது என்னால ஆகாது தம்பி."

"அம்மா பாக்கணும்னு கெடக்குதுக்கா!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அப்போது நான் மணவறையில் இருந்தபடியே வாயை விட்டேன். கல்யாணப் பெண் பேசக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "உங்களுக்கு உங்க வீம்புதான் பெருசு. வாக்குக் குடுத்தீகல்ல? எங்கம்மா எம்புட்டு ஆசையா இருந்துச்சு? எடுக்கவும் மாட்டீக, எடுத்த மாதிரி செய்யவும் மாட்டீக. நீங்க படம் எடுத்த மனுசங்க பாவம்க்கா" என்றேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் வாடிப்போனது. கேமராவைச் சட்டையின் பெரிய பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டாள். பந்தியில் போய் உட்கார்ந்து, இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் அண்ணன் பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்தான். சீர்ச் சாமான்களை எடுத்து வைக்க அம்மா முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தாள். புதிதாக ஒரு மஞ்சள் கயிறு வாங்கிவந்தார்கள். கழுத்தில் இருந்த தாலியை மாலைக்கு அடியில் தள்ளி மறைத்துக்கொள்ளச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். என் வீட்டுக்காரர் புதுக் கயிற்றை என் கழுத்தருகில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நாலு பேர் பக்கத்தில் நின்று அட்சதை தூவுவதுபோல் வெறும் கையை ஓங்கினார்கள். மறுவீட்டுக்கு நான் வந்தபோது ஆல்பம் தயாராகிவிட்டது. மற்ற படங்கள் எல்லாம் கேமராக்கா எடுத்துக் கொடுத்தனுப்பியவை. நடுவில் இது ஒன்று மட்டும் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. அம்மாவிடம் அதைச் சொல்வதில்லை என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டோம்.

அம்மா அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ பயம். ஏனென்றால் கேமராக்கா பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். பொய்ப்படம் எடுக்காத அந்த மகராசி என்றைக்காவது வாயைத் திறந்தால் அம்மா மனம் என்ன ஆகும்? அதுவரை அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. அம்மாதான் ஒரு நாள் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து, ஆல்பத்தை மடியில் வைத்தாள்.

"பாரு புள்ள. நீ எடுத்த படத்துலயே இதான் ஒசத்தி. நேருல நின்னு பாத்த மாதிரி இருக்கு."

அண்ணன் வாசலில் நின்றான். நான் அடுப்படி நிலையில் நின்றேன். கேமராக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சரியா இருக்கு" என்றாள் அம்மா.

அன்றைக்கு அவள் குடித்த காபியில் சர்க்கரை போட நான் மறந்துவிட்டேன். அவள் அதைச் சொல்லாமலே குடித்தாள்.

அடுத்த வருஷமே அவள் ஊரைவிட்டுக் கிளம்பினாள். எங்கேயோ புதிதாகச் சண்டை மூண்டிருந்தது. இங்கே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். அம்மாவைப் பார்க்க வந்துவிட்டு நான் வத்தலக்குண்டுக்குத் திரும்ப பஸ் ஏறப்போன நாளில் அவளும் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, ஜன்னல் வழியாக ஒரு காக்கிக் கவரைக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு கேட்டீகள்ல? தாலிய மாப்பிள்ள கையில எடுத்தாரு. நான் வழக்கம்போல எண்ணுனேன். ஒரு தலை கொறஞ்சுச்சு. காலு தன்னால போயிருச்சு புள்ள. வாக்குக் குடுத்தது தப்பு." பிறகு, "அம்மாகிட்ட இப்பக் காட்டாத. இதப் பாத்தா ஆல்பத்துல இருக்குறது பொய்யின்னு கண்டுபிடிச்சிரும்" என்றாள்.

பஸ் செம்பட்டி தாண்டியதும் பிரித்தேன். மண்டபத்துச் சாமான் அறை. மணவறைக்குப் பின்சுவர்தான் அந்த அறைக்கு முன்சுவர். தேங்காய் மூட்டை, கேஸ் சிலிண்டர், வாய் பிரித்த அரிசிச் சிப்பம். சுவரைப் பார்த்து அம்மா நிற்கிறாள். கண் மூடியிருக்கிறது. அவளுக்கு அட்சதைத் தட்டை யார் நீட்டினார்கள்? சிப்பத்திலிருந்து ஒரு கை வெள்ளை அரிசியை அள்ளி, மேளச் சத்தம் வருகிற சுவரைப் பார்த்துத் தூவியிருக்கிறாள். அரிசி அந்தரத்தில் நிற்கிறது. வத்தலக்குண்டு வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் என்று நினைத்து எனக்குக் கொய்யாப்பழம் கொடுத்தாள்.

பிறகு சில வருஷம் புரியாத நம்பர்களில் இருந்து போன் வரும். எடுத்தால் ஒரே கேள்வி. "எல்லாரும் இருக்கீகளா?" இருக்கிறோம் என்றதும் வைத்துவிடுவாள். அப்புறம் அந்தப் போனும் நின்றது. அவள் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்று பேகம்பூரில் அவள் அண்ணன்மாருக்கும் தெரியவில்லை. கவர் என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பதினைந்து வருஷம் இருந்தது.

போன மாசம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான் வத்தலக்குண்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்த பிறகு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏத்தா, உன் மூஞ்சியில இம்புட்டு மங்கு விழுந்திருக்கா?" என்று என்னையே வம்புக்கு இழுத்தாள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் அவளுக்கு. கடைசியில், கூடவே கொண்டுவந்திருந்த கல்யாண ஆல்பத்தை எடு என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டு நான் துணி மடிக்கப் போனேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், தாலி கட்டும் படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"இங்க பாருடி. மாலைக்கு அடியில உன் கழுத்துல ஏற்கனவே ஒரு மஞ்சக் கயிறு எட்டிப் பாக்குது. மாப்பிள்ள இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டு இளிக்கிறாரு. ரெண்டு தாலியாடி உனக்கு?"

என்னென்னவோ உளறினேன். அம்மா கையை அமர்த்தினாள்.

"எதுக்குப் பதறுற? இது அவ எடுத்ததில்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்புடி?"

"கெட்டிமேளம் கொட்டுறப்ப அவ நான் நின்ன அறையிலதானே இருந்தா. கண்ணை மூடிக்கிட்டா காது கேக்காதா? அம்புட்டு மேளத்துக்கு நடுவுலயும் வாசப்பக்கம் டிக்குன்னு ஒரு சத்தம். தெனமும் கேட்ட சத்தந்தானே? கண்ணைத் தொறந்தேன், முதுகைக் காட்டிக்கிட்டுப் போறா. நான் போட்ட ஒட்டுத் தையல் எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏம்மா அவகிட்டயே போய், நீ எடுத்ததுதான் ஒசத்தின்னு சொன்ன?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆளாளுக்கு அவளை ஏசிட்டு வந்து நின்னீக. ஒரு வருசம் எம்மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த புள்ள, என் மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்துச்சு. வேற என்ன சொல்லி அவளைக் கூப்புட?"

அவளுக்காக இவளும், இவளுக்காக அவளும் அந்தப் பொய்ப்படத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாளும், சர்க்கரை போடாத காபியும் ஞாபகம் வந்தன.

"அவ என்னைய எடுத்தாளே, அது எங்கடி?" என்றாள் அம்மா. "உங்கிட்டத்தான் குடுத்திருப்பா."

பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தன்னை அவள் பார்க்கவே இல்லை. விரலை வைத்து, அந்தரத்தில் நிற்கிற அரிசியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"நடுவுல சுவரு இருந்துச்சே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, புதுக் கண்ணால் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "இது உம்மேல வந்து விழுந்துச்சாடி?"

"விழுந்துச்சும்மா" என்றேன்.